ஐஸ் படாத பெட்டி

ஏப்ரல் 16, வியாழன்

ஐஸ் பெட்டியின் இன்ஜின் பக்கச் சுவர் உள்ளே நனைந்திருக்கிறது. இதை இன்று காலை உறுதி செய்தவர் ஃபைபர் வேலைக்காரர் இசக்கிதுரை. சுவரில் விரல் நுழையும் அளவுக்குத் துளை போட்டு, உள்ளே இருந்த தெர்மாகோலை நோண்டி எடுத்து என் கையில் வைத்தார். பிழிந்தேன். தண்ணீர் சொட்டியது.

"அக்கா, இது தெர்மாகோல் இல்ல. பஞ்சு," என்றார்.

தடைக்காலம் நேற்றுத் தொடங்கியது. ஜூன் 14 வரை விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. எங்கள் 'சலேத் மாதா'வைத் தருவைகுளம் கரையில் ஏற்றி முட்டுக் கொடுத்தாயிற்று. படகின் வயிற்றில் கட்டியிருக்கும் இந்தப் பெட்டியில்தான் ஐஸை நொறுக்கிப் போட்டுக்கொண்டு பதினைந்து நாள் தங்கலுக்குப் போகிறார்கள். பிடிக்கிற சூரை மீனும் கேரை மீனும் அதற்குள்தான் கிடக்கும். கடைசித் தங்கலில் பன்னிரண்டாம் நாளே திரும்பிவிட்டார்கள். ஐஸ் தீர்ந்துபோனது என்று காரணம் சொன்னார்கள். அடியில் கிடந்த மீனுக்குக் கண் குழி விழுந்திருந்தது. ஏலத்தில் யாரும் கிட்டே வரவில்லை.

தொழிலாளர் ஏழு பேரும் வேறு படகு பார்க்கிறார்கள் என்று கரையில் பேச்சு. யார் சொன்னது என்று தெரியாததால் பேச்சு என்றே எழுதுகிறேன்.

படகு என் அப்பா என் பேரில் எழுதி வைத்தது. ஓட்டுவது என் வீட்டுக்காரர் ரபேல். பிழிந்த தெர்மாகோலை அவரிடம் காட்டினேன். வாங்கிப் பார்க்கவில்லை.

"வித்துருவோம் மெட்டில்டா. இது இனி தாங்காது."

எது தாங்காது என்று நான் கேட்கவில்லை. இசக்கிதுரையிடம், சனிக்கிழமை சுவரை உடைக்கச் சொன்னேன்.

ஏப்ரல் 18, சனி

உடைத்தோம். நான்கு சுவரில் இரண்டு நனைந்தவை, ஒன்று பாதி. தரை மோசம். மூடியைச் சுற்றியிருந்த ரப்பர் கல்லாக இறுகிப்போய்த் தொட்டால் உதிர்ந்தது.

படகின் சமையல்காரர் பனிமயன் தானாகவே வந்து குப்பை அள்ளினார். கூலி பேசவில்லை. இசக்கிதுரை அவரை விடவில்லை.

"ஏவே, பேருல பனி இருக்கு. பெட்டியில இல்லயே?"

"பெட்டி குடிச்சிட்டு வே. உம்ம ஊருல ஆளு குடிக்கும். எங்க படகுல பெட்டி குடிக்கும்."

பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "சுவரு மட்டும் இல்ல மைனி. மூடியத் தொறந்து தொறந்து மூடுறதுலயும் போவுது. காலையில ஒருக்க, சாயங்காலம் ஒருக்க. மீனு படாத நாளும்."

"யாரு தொறக்கா?"

"டிரைவர்தான். ஐஸ் எப்படி இருக்குன்னு பாக்காவ."

இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

பூசைக்குப் போய்வந்தோம். என் சின்ன எவர்சில்வர் டப்பா, ஊறுகாய் வைப்பது, இரண்டு நாளாகக் காணவில்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்

ரபேல் காலையில் சாப்பிடும் முன் ஐஸ் கம்பெனிக்குப் போகிறார். இருட்டும் நேரத்தில் மறுபடியும். படகெல்லாம் கரையில் கிடக்கும்போது ஐஸ் கம்பெனியில் என்ன வேலை என்று கேட்டேன்.

"காசிலிங்கம் தனியா இருப்பான். சும்மா பேச."

காசிலிங்கம் அங்கே மேலாளர். அவ்வளவு பேச்சுக்காரர் இல்லை. ரபேல் திரும்பி வந்ததும் குழம்பு ஊற்றும் சாக்கில் வாய்ப் பக்கம் குனிந்து நின்றேன். சாராய வாசம் எதுவும் இல்லை.

ஏப்ரல் 23, வியாழன்

இன்று தெரிந்த முக்கியமான விஷயம்: தண்ணீர் வடியும் குழாய் அடைத்திருந்திருக்கிறது.

ஐஸ் உருகுகிற தண்ணீர் பெட்டியின் அடியில் இருக்கும் குழாய் வழியாக வெளியேற வேண்டும். வெளியேறாவிட்டால் அடி ஐஸ் தண்ணீருக்குள் நின்று வேகமாகக் கரையும், மீனும் ஊறிக் கெடும். கடைசித் தங்கலில் நடந்தது அதுதான் என்கிறார் இசக்கிதுரை. குழாயைக் கழற்றிக் கவிழ்த்ததும் செதிலும் சேறும் விழுந்தன. கூடவே, சுண்டுவிரல் நுனி அளவில், ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் மூடிகள். ஒரு கைப்பிடி இருக்கும்.

"இது என்ன சாமான்?" என்றார் இசக்கிதுரை.

"பேனா மூடியா இருக்கும்," என்றார் பனிமயன்.

"கடலுக்குள்ள யாருவே இம்புட்டு எழுதுதா? படகுல பரீச்சையா நடக்கு?"

பனிமயன் சிரிக்கவில்லை. மூடிகளை அள்ளி மடியில் போட்டுக்கொண்டார். ஒன்று என் காலடியில் உருண்டு கிடந்தது. அதை எடுத்து வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 29, புதன்

படகை விலைக்குக் கேட்டு வேம்பாரிலிருந்து தரகர் ஒருவர் வந்தார். காபி கொடுத்தேன். படகு வேலையில் இருக்கிறது, விற்பனையில் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். ரபேல் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மே 4, திங்கள்

இந்த முறை தெர்மாகோல் இல்லை, பஃப். இரண்டு திரவத்தை ஒன்றாகக் கலக்கிச் சுவர் இடுக்கில் ஊற்றினால் பொங்கி இறுகிக்கொள்ளும். இன்ஜின் சூடு படுகிற சுவருக்கு மட்டும் கனம் கூட்டச் சொன்னேன். பெட்டிக்குள் இடம் குறையும் என்றார் ரபேல். குறையட்டும் என்றேன்.

மதியம் ஊற்றினார்கள். காலையிலேயே ஊற்றியிருக்க வேண்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. திரவம் வந்து சேர நேரமாகிவிட்டது, வெயிலில் மொத்தத்தையும் ஒரே மூச்சாக ஊற்றிவிட்டார் இசக்கிதுரை. பால் பொங்குவது போலப் பொங்கி, உள்பலகையைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. சுவருக்கு வயிறு வைத்துவிட்டது.

"அண்ணாச்சி, கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கு. மீனுக்குத் தெரியவா போவுது?" என்று ரபேலிடம் சொல்லிப் பார்த்தார்.

"விடு, இருக்கட்டும்," என்றார் ரபேல்.

"அறுத்து எடுங்க," என்றேன் நான்.

மே 5, செவ்வாய்

அறுத்து எடுத்தார்கள். விடிந்ததும் தொடங்கி, தென்னங்கட்டையால் உள்பலகைக்கு முட்டுக் கொடுத்து, மூன்று தவணையாக ஊற்றினார்கள். சுவர் நேராக நிற்கிறது. நூல் பிடித்துப் பார்த்தேன்.

மே 7, வியாழன்

கால்வலித் தைலம் வாங்க மருந்துக் கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் நின்ற பெரியவருக்குக் கடைப் பெண் ஒரு கட்டு ஊசி எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் ஆரஞ்சு மூடி.

பர்ஸில் இருந்ததை எடுத்துக் காட்டினேன்.

"ஆமாக்கா, இதேதான். சர்க்கரைக்குப் போடுற இன்சுலின் ஊசி. சாப்பாட்டுக்கு முன்ன, காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. உங்களுக்கா?"

இல்லை என்றேன்.

மூடி எதனுடையது என்பது உறுதியாகிவிட்டது; சொன்னது மருந்துக் கடைப் பெண். படகில் யாருடையது என்பது உறுதியாகவில்லை.

தைலம் வாங்க மறந்துவிட்டேன்.

மே 8, வெள்ளி

பெட்டியைச் சோதித்துப் பார்க்க ஐஸ் கேட்கும் சாக்கில், நடுப்பகலில் ஐஸ் கம்பெனிக்குப் போனேன். அந்த நேரத்தில் ரபேல் அங்கே வரமாட்டார்.

காசிலிங்கம் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். மேசைக்குப் பின்னால் ஒரு சின்ன ஃபிரிட்ஜ். தாகமாக இருக்கிறது என்றேன். "நான் எடுத்துத் தாரேன் மைனி," என்று அவர் சுற்றி வருவதற்குள் திறந்துவிட்டேன்.

தண்ணீர் பாட்டில்கள், ஒரு மோர் பாக்கெட், என் ஊறுகாய் டப்பா.

கையில் எடுத்தேன். கனமே இல்லை. திறக்காமல் இருந்த இடத்தில் வைத்துவிட்டு, தண்ணீர் குடித்தேன்.

"ரபேல்ட்ட ஒண்ணும் கேக்காதிய," என்றார் காசிலிங்கம். "கொச்சியில மாசியில கரை பிடிச்சப்ப மயக்கம் வந்திருக்கு. அங்க டாக்டர் எழுதிக் குடுத்தது. ஊசி போடுற ஆளு பின்னால எவனும் கடலுக்கு வரமாட்டான், ஓனரும் படகக் கைல தரமாட்டான்னு பயப்படுதான்."

"ஓனரு நான்தான," என்றேன்.

"அதத்தான் நானும் சொன்னேன். 'அதுதான் பயம்'ங்கான்."

ரபேல் மாலையில் ஐஸ் கம்பெனிக்குப் போய் வந்து இரண்டு தோசை சாப்பிட்டார்.

மே 9, சனி

மருந்து வெயிலில் கெடும். ஐஸ் மேல் நேராகப் பட்டு உறைந்தாலும் கெடும். பிறகு இளக்கினாலும் பயன் இல்லை. இரண்டு டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது, எட்டைத் தாண்டக் கூடாது. சொன்னது அதே கடைப் பெண். இந்த முறை தைலம் வாங்கினேன்.

மே 13, புதன்

பெட்டிக்குள் இன்னொரு பெட்டி வேண்டும் என்று இசக்கிதுரையிடம் சொன்னேன். டிரைவர் நின்று ஓட்டும் வீல்ஹவுஸ் படிக்குப் பக்கத்தில் தனிச் சின்ன மூடி. அதைத் திறந்தால் பெரிய மூடியைத் தொட வேண்டியதில்லை. கிணறு மாதிரி ஆழமாக இறங்க வேண்டும், மேலே இருக்கும் ஐஸ் பாதிக்கு இறங்கினாலும் பக்கத்தில் ஐஸ் இருக்கும்படி. ஆனால் உள்ளே இருக்கும் பொருள் மேல் ஐஸ் படக் கூடாது.

"எதுக்குக்கா?"

"குடிதண்ணிக்கு."

"சரி. வாய் எம்புட்டு அகலம்?"

கையால் காட்டினேன். டப்பா நுழைகிற அகலம்.

மே 20, புதன்

சின்னப் பெட்டியைப் பலகையில் தனியாகச் செய்து, மீன் கூடை நிறைய நொறுக்கின ஐஸுக்குள் இறக்கி, வெப்பமானி போட்டுப் பார்க்கிறோம். வெறும் ஃபைபர் சுவருக்கு ஒரு டிகிரி காட்டியது. ஆபத்து. ஒரு விரல்கடை பஃப் கொடுத்ததும் மூன்று. அதுவும் எனக்குப் போதவில்லை. இரண்டு விரல்கடை கொடுக்கச் சொன்னேன். காலையில் நாலரை, உச்சி வெயிலில் ஆறு.

இத்தனை நாளும் குளிர் வெளியே போகாமல் இருக்கத்தான் சுவர் வைத்தோம். இங்கே குளிர் அளவுக்கு மேல் உள்ளே வராமல் இருக்கவும் சுவர் வைக்க வேண்டியிருக்கிறது.

"தண்ணி பாட்டிலுக்கு டிகிரி பாக்குற ஓனரம்மாவ இப்பதான் பாக்கேன்," என்றார் இசக்கிதுரை.

"பாத்துக்கோங்க," என்றேன்.

மே 23, சனி

சின்னப் பெட்டியை அதனிடத்தில் பொருத்தியாயிற்று. பெரிய மூடிக்குப் புது ரப்பர். மூடிக்கும் சட்டத்துக்கும் நடுவே காகிதத்தை வைத்து மூடி இழுத்தேன், நான்கு பக்கமும். மூன்று பக்கம் இறுக்கத்தில் காகிதம் கிழிந்தது. ஒரு பக்கம் உருவிக்கொண்டு வந்தது. அந்தப் பக்கத்து ரப்பரை மாற்றினார்கள். இப்போது நான்கும் கிழிகின்றன.

மே 27, புதன்

படகைத் தண்ணீரில் இறக்கினோம். காசிலிங்கம் அனுப்பிய ஐஸை நொறுக்கிப் பெட்டியில் பாதிக்கு நிரப்பினோம். தினமும் ஆறு மணி நேரம் இன்ஜினை ஓட விட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். இன்ஜின் சூடு இல்லாமல் செய்கிற சோதனை சோதனை ஆகாது.

ரபேல்தான் இன்ஜினை ஓட்டுகிறார். கரையில் நிற்பவர்கள் கேலி செய்கிறார்கள்.

"என்ன டிரைவரே, நங்கூரத்தோடயே லட்சத்தீவு போறீரா?"

"ஆமா, நீயும் ஏறிக்கோ. சோறு உண்டு, மீன்தான் கிடையாது," என்றார் ரபேல். அவர் பதிலுக்குக் கேலி பேசி வெகுநாள் ஆகிறது.

ஜூன் 3, புதன்

ஏழாம் நாள். பெட்டியைத் திறந்தோம். ஐஸ் ஒரு சாண்தான் இறங்கியிருக்கிறது. முன்பெல்லாம் ஏழாம் நாளில் பாதிக்கு மேல் போய்விடும் என்று பனிமயனும் இன்னும் இரண்டு தொழிலாளர்களும் சொல்கிறார்கள். வடிகுழாயில் தண்ணீர் தடையில்லாமல் வருகிறது. சின்னப் பெட்டியில் ஐந்து டிகிரி.

எல்லோரும் குனிந்து குனிந்து பார்த்தார்கள். ரபேல் உள்ளே இறங்கி, இன்ஜின் பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்து நின்றார். சின்னப் பெட்டியை அவர் இன்னும் பார்க்கவில்லை. அல்லது பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

ஜூன் 6, சனி

பனிமயன் மளிகைச் சாமான் வாங்க வந்தார். அரிசி, பருப்பு, எண்ணெய் என்று சொல்லிக்கொண்டே வந்தவர் கடைசியில், "சில்லுக்கருப்பட்டி அரைக் கிலோ. டீக் கேத்தல் ரெண்டு," என்றார்.

"கேத்தல் ஒண்ணு இருக்கே."

"ஒண்ணு சீனி போட்டது. ஒண்ணு சீனி போடாதது."

நான் எழுதுவதை நிறுத்தினேன்.

"டிரைவர், இருமலுக்கு சீனி ஆகாதுன்னு சொன்னாவ. சரின்னு கேட்டுக்கிட்டோம். எந்த ஊருல மைனி இருமலுக்கு சீனி ஆகாது?" என்றார். "சில்லுக்கருப்பட்டி என் மடியில எப்பவும் கெடக்கும். அவிய கை நடுங்குனா ஒண்ணு நீட்டுவேன். 'என்னடே, புள்ளைக்குக் குடுக்க மாதிரி'ன்னு சொல்லிட்டு வாங்கித் திம்பாவ."

"எத்தனை பேருக்குத் தெரியும்?"

"ஏழு பேருக்கும். தெரியாதுன்னு நெனைச்சிட்டிருக்கது டிரைவர் மட்டும்தான்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"மூடிய ரெண்டு நேரமும் தொறக்காவன்னு சொன்னேன்ல? இதுக்கு மேல நான் எப்படிச் சொல்ல? நீங்க கேட்டா பொய் சொல்ல முடியாது. கேக்காம சொல்லவும் முடியாது. நீங்க மூடியவே பாத்துட்டு நின்னிய."

பிறகு கடைசித் தங்கலைப் பற்றிச் சொன்னார். ஒன்பதாம் நாளே ஐஸ் வெகுவாகக் கரைந்துவிட்டது. ரபேல் மருந்தை இன்ஜின் பக்க மூலையில் செருகி வைத்திருந்தார், அது வெந்நீர் மாதிரி சூடாகிவிட்டது. அதற்கு அடுத்த இரண்டு நாளும் அவர் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தார், நிற்க முடியவில்லை. தொழிலாளர்களே படகைத் திருப்பினார்கள். கரையில் கேட்டவர்களிடம் ஐஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

"மொதல்ல கெட்டது மீனு இல்ல மைனி," என்றார்.

வேறு படகு பார்ப்பதாகப் பேச்சு உண்டே என்று கேட்டேன்.

"பாத்தோம். இந்தப் பெட்டியோட இவிய பின்னால போனா ஒருநா இவியளத்தான் தூக்கிட்டு வரணும்னு பயந்துதான் பாத்தோம். இப்பப் பெட்டி நிக்கிதுல்ல. ஏழு பேரும் வாறோம். எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன். சொன்னது பனிமயன்.

சில்லுக்கருப்பட்டி ஒரு கிலோ வாங்கினேன்.

ஜூன் 13, சனி

ரபேல் படகுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வலை ஏற்றியாயிற்று, டீசல் நிரப்பியாயிற்று. வீல்ஹவுஸ் படியில் உட்கார்ந்து சின்ன மூடியைத் திறந்தார். உள்ளே கையை விட்டுத் துழாவினார்.

"இது என்னத்துக்கு?"

"குடிதண்ணிக்கு."

"எட்டுப் பேரு குடிக்கிற தண்ணி இதுக்குள்ளயா?"

"எட்டுப் பேருக்கு இல்ல."

மூடியை மூடினார். கொஞ்ச நேரம் அதன் மேலேயே கையை வைத்திருந்தார். மறுபடியும் திறந்தார்.

"ஐஸ் படுமா?"

"படாது. நடுவுல ரெண்டு விரல்கடை பஃப் இருக்கு."

"உறையாதே?"

"ஏழு நாள் பாத்தாச்சு. அஞ்சு டிகிரியில நிக்கிது."

பக்கத்துப் படகில் யாரோ வாளியால் தண்ணீர் மொண்டு ஊற்றித் தளம் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர் மறுபடியும் கையை விட்டு வாயின் அகலத்தை அளந்தார்.

"அந்த டப்பா ஒரு பக்கம் நெளிஞ்சிட்டு," என்றார்.

"நெளிஞ்சாலும் உள்ள போவும். கூட்டித்தான் அளவு குடுத்தேன்."

அவர் தலையாட்டினார். வீட்டுக்கு வருகிற வழியில், படகை விற்பதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஐஸ் கம்பெனிப் பக்கம் திரும்பும் இடத்தில் நின்று, "நீ போ, நான் வந்துருதேன்," என்றார். இந்த முறை காசிலிங்கம் தனியாக இருப்பான் என்று சொல்லவில்லை.

ஜூன் 14, ஞாயிறு

பூசைக்குப் பின் பங்குச் சாமியார் படகுகளை மந்திரித்தார். எங்கள் படகில் தீர்த்தம் தெளிக்கும்போது பனிமயன் சின்ன மூடியைத் திறந்து காட்டினார். சாமியார் எதற்கென்று தெரியாமலே அதற்குள்ளும் தெளித்தார்.

ஜூன் 15, திங்கள்

விடியும் முன் போனார்கள். எட்டுப் பேர். ரபேல் ஒரு துணிப்பையைத் தன் கையிலேயே வைத்திருந்தார், யாரிடமும் கொடுக்கவில்லை. நான் கரையில் நின்றேன்.

"ஐஸ் எப்படி இருக்குன்னு சொல்லி அனுப்புங்க," என்றேன்.

"வயர்லெஸ்ல ஊரே கேக்குமே."

"ஊரு கேட்டா என்ன? ஐஸத்தான கேக்கேன்."

ஜூன் 19, வெள்ளி

செய்தி இல்லை. பழைய தெர்மாகோலை மூட்டை கட்டிக் கரையிலிருந்து அப்புறப்படுத்தினேன். நனைந்தது இன்னும் காயவில்லை.

ஜூன் 25, வியாழன்

பிற்பகலில் மீனவர் சங்கக் கட்டடத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார். எங்கள் படகோடு அதே நாளில் போய் இன்று கரைக்குத் திரும்பிக்கொண்டிருக்கும் ஒரு படகிலிருந்து வயர்லெஸில் பேசினார்கள். நேற்று நடுக்கடலில் 'சலேத் மாதா'வோடு பேசியிருக்கிறார்கள்.

"யக்கா, உங்க டிரைவர் ஒண்ணு சொல்லச் சொன்னாவ. சின்னப் பெட்டியில தண்ணி நல்லாருக்காம். உறையலயாம், சுடவும் இல்லயாம். அப்படியே சொல்லணும்னு ரெண்டு தடவ சொல்லிக் குடுத்தாவ. என்னக்கா தண்ணி அது, பன்னீரா?"

அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"பெரிய பெட்டியில?" என்று கேட்டேன்.

"அது பாதிக்கு மேல கெடக்காம். மீனு நல்லா பட்டிருக்காம். பதினைஞ்சு நாளும் நின்னுட்டுத்தான் வருவாவளாம்."

இன்று வரை உறுதியானது இவ்வளவு. சொன்னது மற்றொரு படகு. ரபேலின் வாயால் நேரடியாகக் கேட்கவில்லை. அடி ஐஸ் கடைசி நாள் வரை நிற்குமா, அடி மீனின் கண் எப்படி இருக்கும் என்பது இன்னும் தெரியவில்லை. வீட்டு ஃபிரிட்ஜில் மேல் தட்டை ஒழித்துத் துடைத்து வைத்திருக்கிறேன். என் ஊறுகாய் டப்பா இன்னும் வந்து சேரவில்லை. படகோடு வரவேண்டும்: ஜூன் 30, செவ்வாய், காலை ஏலத்துக்கு முன்.